மேரியைப் பேசுகிறவர்கள் ஹென்றியையும் பேசுங்கள்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து நான் பாதியில் எழுந்து வந்தது ஏன் என்று பலர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறீர்கள். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பேச்சு, பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட கத்தோலிக்க அரசி முதலாம் மேரியைப் பற்றியது. 'இரத்தவெறி மேரி, இல்லாத பிள்ளையை வயிற்றில் இருப்பதாக நம்பிய பைத்தியம்' என்று பேச்சாளர் சொன்னதும் அரங்கமே சிரித்தது. எனக்கு உடம்பு கூசிவிட்டது.

மேரியைப் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுடைய அப்பாவையும் சேர்த்துப் பேசுங்கள்.

அந்த அப்பா, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி, இறந்துபோன அண்ணனின் மனைவி கேத்தரினை 1509இல் மணந்தார். அவர்களின் மகள்தான் மேரி. இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்தபின் அந்தத் திருமணமே செல்லாது என்றார். போப்பாண்டவர் சம்மதிக்கவில்லை. 1533இல் ஆன் போலினை மணந்தார். மறு ஆண்டே இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் ஆனார். பதினேழு வயது மேரியின் இளவரசிப் பட்டத்தைப் பறித்து, ஆனுக்குப் பிறந்த கைக்குழந்தை எலிசபெத்தின் மாளிகைக்கே அனுப்பினார்கள். சாகக் கிடந்த தாயைப் பார்க்கவும் விடவில்லை. தாய் இறந்த ஆண்டிலேயே, 'என் பெற்றோரின் திருமணம் முறையற்றது' என்று மகளிடமே கையெழுத்து வாங்கினார்கள்.

அந்தக் கையெழுத்தைத்தான் என்னால் கடக்க முடியவில்லை. அப்பா இரண்டாவது திருமணம் செய்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. புது ரேஷன் கார்டில் நான்கு பெயர்கள் இருந்தன. என் பெயர் இல்லை. தப்பாக அச்சாகியிருக்கும் என்று அம்மா சொன்னாள். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

'280 புராட்டஸ்டண்டுகளைத் தீயிட்டுக் கொன்றவளுக்கு வக்காலத்தா?' என்பீர்கள். இல்லை. அது கொடுமை, மன்னிக்க முடியாதது. ஆனால் ஹென்றியும் எரித்தார். மேரிக்குப் பின் அரசியான எலிசபெத்தின் ஆட்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கப் பாதிரியார்கள் கொல்லப்பட்டார்கள். பட்டப்பெயர் ஒருத்திக்கு மட்டும் ஏன்? 'அது மதச் சண்டை, குடும்பச் சண்டை அல்ல' என்றும் சொல்வீர்கள். எங்கே பிரித்துக் காட்டுங்கள் பார்ப்போம்! 1553இல் அரியணை ஏறியவள், தன் முதல் நாடாளுமன்றத்திலேயே தாயின் திருமணம் செல்லும் என்று சட்டம் போட்டாள். அது மதமா, மகளா? கத்தோலிக்கரை மணந்தால் அரியணை உரிமை போய்விடும் என்ற விதி 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் நீக்கப்பட்டது. அரியணையில் இருப்பவர் கத்தோலிக்கராக இருக்கக் கூடாது என்பது இன்றும் அப்படியே இருக்கிறது.

மகனின் பட்டமளிப்புக்கு லண்டன் போனபோது வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் மேரியின் கல்லறையைப் பார்த்தேன். அக்காவும் தங்கையும் ஒரே கல்லறையில். மேலே பளிங்கில் படுத்திருப்பது எலிசபெத் மட்டும். மேரிக்குச் சிலை இல்லை. அடியில் ஒரு இலத்தீன் வரியில் பெயர் இருக்கிறது. 'போகலாமா அம்மா' என்று மகன் இரண்டு முறை கேட்டான். கால் நகரவில்லை.

அடுத்த கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் கேட்டிருக்கிறேன். கேத்தரினிலிருந்து தொடங்குவேன்.