வீட்டுல ஆள் இல்லையாம்ல!

"உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் வழங்குங்கள்."

நேத்து சாயங்காலம் வந்த எஸ்எம்எஸ்ஸு. அது வந்த நேரத்துல நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குத நெட்டுப் பெட்டியில, லைன் செத்தா எரியுத எல்ஓஎஸ் லைட்டு செக்கச்செவேல்னு மின்னிக்கிட்டு இருக்கு. எதைத் தீத்தாவ? யாரு வந்து தீத்தாவ? நட்சத்திரமாம்ல! வானத்துல இருக்கது அம்புட்டையும் புடுங்கித் தாரேன், மொதல்ல அந்தச் செவப்பு லைட்டைப் பச்சையாக்கிட்டுப் போங்கவே.

பாளையங்கோட்டையில பாதாளச் சாக்கடைக்குத் தோண்டாத தெருவு எது? அப்பிடித் தோண்ட வந்த ஜேசிபி எங்க தெருமுக்குல கேபிளைக் கவ்வி இழுத்துப் போட்டுட்டுப் போயிட்டு. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு. இதை அப்பிடியே கஸ்டமர் கேர்ல சொல்லுதேன். அந்தப் பிள்ளை கேக்கா, "சார், ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து பார்த்தீர்களா?"

யம்மா தாயி, தெருவுல அந்து கெடக்க கண்ணாடி நாரு என் வீட்டு சுவிச்சைத் தட்டினா ஒட்டிக்கிடுமா? இருந்தாலும் தட்டினேன். "இப்போது வருகிறதா சார்?" வரலை. "பின்னால் இருக்கும் மஞ்சள் வயரைக் கழற்றி மாட்டுங்கள்." மாட்டினேன். "பத்து நிமிடம் காத்திருங்கள்." ஜேசிபி மனசு மாறித் திரும்பி வந்து ஒட்டிக் குடுக்கும்னு காத்திருந்தேன் போல. கடைசியில ஒரு புகார் நம்பர் தந்தா. திருச்செந்தூர்ல அர்ச்சனைச் சீட்டு வாங்கினவன் மாதிரி அதைப் பத்திரமா எழுதி வச்சேன்.

மறுநா தான் கச்சேரி. கனெக்‌ஷன் அம்மா பேருல, அம்மா நம்பர்ல இருக்கு. லைன் பாக்க தம்பி ஒருத்தன் அவளுக்குப் போனைப் போட்டிருக்கான்.

"ஆச்சி, நெட்டு கம்பெனியில இருந்து பேசுதேன். ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க."

"நீ எங்கய்யா நிக்க?"

"சமாதானபுரத்துல நிக்கேன், அஞ்சு நிமிசத்துல வந்துருவேன். ஓடிபிய சொன்னாத்தான் வேலைய ஆரம்பிக்க முடியும்."

"நீ வந்து வேலையப் பாரு. லைட்டு பச்சையாகட்டும், நானே வாசிச்சுக் காட்டுதேன். யாருட்டயும் சொல்லாதீயன்னு பேங்குக்காரன் தெனமும் மெசேஜ் அனுப்புதான்."

"இது அந்த ஓடிபி இல்ல ஆச்சி!"

"எல்லாம் ஒரே எழவுதான்யா. நீ வா, காப்பி போட்டு வைக்கேன்."

காப்பி ஆறிப்போச்சு. ஆளு வரலை. வந்தது எஸ்எம்எஸ்ஸு: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் புகார் முடித்துவைக்கப்படுகிறது."

வீட்டுல இல்லையாம்ல! அம்மா நடையில முறத்தைப் போட்டு, புளியங்கொட்டை எடுத்துக்கிட்டு காலையில இருந்து அங்கனயே உக்காந்திருக்கா. எங்க தெருவுல ஒரு நாயி போனாக்கூட எந்த வீட்டு நாயி, எதுக்குப் போவுதுன்னு சொல்லுவா. அவ கண்ணுல படாம வந்து கதவத் தட்டிட்டுப் போன ஆளு உண்டுன்னா அவன் மனுசன் இல்ல, மாயாண்டி. திரும்பப் புகார் குடுத்தோம். அதுக்குத்தான் நேத்து "தீர்க்கப்பட்டது". இந்தத் தடவ ஓடிபியும் கேக்கலை, ஒரு மண்ணும் கேக்கலை. நேரா நட்சத்திரம்தான்.

அந்தத் தம்பியச் சொல்லியும் குத்தமில்ல. அவனுக்கு மேல ஒருத்தன் மணிக்கணக்கு எண்ணிக்கிட்டு இருக்கான். ஏன் எண்ணுதான்னு பாத்தா, அங்கதான் இருக்கு சூட்சுமம்.

சட்டம் இல்லாம ஒண்ணும் இல்ல. போன், நெட்டு கம்பெனிகளைக் கண்காணிக்க டிராய்னு ஒரு ஆணையம் 1997-லயே வந்தாச்சு. பிராட்பேண்டுக்குன்னு 2006-ல தரவிதியும் போட்டாச்சு, 2024-ல புது விதி வார வரைக்கும் அதுதான் இருந்துச்சு. அதுல, நூறு பழுது வந்தா 90 பழுதை அடுத்த வேலைநாளுக்குள்ள சரிபண்ணணும், 99 பழுதை 3 வேலைநாளுக்குள்ளன்னு இருந்துச்சு. 3 நாளு தாண்டிட்டா 7 நாள் வாடகையக் கழிக்கணும், 7 நாளு தாண்டிட்டா 15 நாள் வாடகை, 15 நாளும் தாண்டிட்டா ஒரு மாச வாடகைன்னு போட்டிருந்துச்சு. படிக்க எம்புட்டு குளுகுளுன்னு இருக்கு! இந்தக் கழிவை பில்லுல கண்ணால பாத்தவுக யாராச்சும் இருந்தா கையத் தூக்குங்க, கும்புட்டுக்கிடுதேன்.

எப்பிடி வரும்? கடிகாரம் ஓடுதது அந்த கேபிளுக்கு இல்ல, புகார் நம்பருக்கு. கெடு முடியுததுக்குள்ள நம்பரை மூடியாச்சுன்னா பழுது செத்துப்போச்சு. நாம திரும்பக் கூப்புட்டா புது நம்பர், புதுப் பழுது, மொத நாளு. அந்தது ஒரு கேபிளு, ஏட்டுல ரெண்டு பழுது, ரெண்டையும் வெரசா தீத்தாச்சு! டெல்லியில உக்காந்து அந்த அறிக்கையப் படிக்க அதிகாரி, திருநெல்வேலிப் பக்கம் நெட்டு தாமிரபரணி மாதிரி ஓடுதுன்னு நெனச்சுக்கிடுவாரு.

சரி, மேல முறையிடலாம்னு பாத்தேன். 2012 விதிப்படி மேல்முறையீட்டு அதிகாரி உண்டு. யாரு அவரு? அதே கம்பெனி வச்சிருக்க ஆளு! கோழியக் காணலைன்னு நரிகிட்ட மனு குடுக்கணும். அவரு முடிவு சொல்ல 39 நாள் அவகாசம் வேற. 40 இல்ல, 39. அந்த ஒரு நாளை நமக்காகக் குறைச்ச புண்ணியவான் நல்லா இருக்கட்டும்.

டிராய்கிட்டயே நேரா போனா? தனியாள் புகாரை விசாரிக்க அதுக்கு அதிகாரம் கெடையாது, வந்ததைக் கம்பெனிக்கே தள்ளிவிட்டுரும். 2000-ல டிடிசாட்னு ஒரு தீர்ப்பாயம் வச்சாவ. அங்க கம்பெனி மேல வழக்குப் போட வாடிக்கையாளர் கூட்டமா வரணுமாம், ஒத்த ஆளுக்கு எடம் இல்ல. நான் யாரைக் கூட்டிட்டுப் போவ, முறத்தோட அம்மாவையா?

நுகர்வோர் நீதிமன்றம் ஒண்ணு இருந்துச்சு. அதையும் 2009-ல வந்த ஒரு தீர்ப்பு 1885-ம் வருசத்துத் தந்திச் சட்டத்தைக் காட்டி அடைச்சு வச்சிருந்துச்சு. 2013-ல தந்தியே செத்துப்போச்சு, ஆனா அந்தத் தந்திச் சட்டம் மட்டும் நம்ம கழுத்துல உக்காந்திருந்துச்சு. 2022 பிப்ரவரியிலதான் உச்ச நீதிமன்றம், போங்கப்பா, தாராளமா அங்க போலாம்னு கதவைத் திறந்து விட்டுச்சு. போலாம். மாச வாடகைய விட வக்கீல் ஆட்டோக் காசு கூட ஆவும்.

இதுல கம்பெனி நோட்டீசைப் பாத்தா நெட்டு வேகம் 300 எம்பிபிஎஸ்ஸாம். சட்டத்துல பிராட்பேண்டுங்கதுக்கு எம்புட்டு வேகம் வேணும்னு தெரியுமா? 2004-ல 256 கேபிபிஎஸ், 2013-ல 512, 2023 ஜனவரியிலதான் 2 எம்பிபிஎஸ் ஆக்கினாவ. எனக்கு வாரது சைபர். அதுக்கு ஜிஎஸ்டி மட்டும் முழுசா 18 சதவீதம்.

நான் இம்புட்டும் கத்தி முடிச்சதும் அம்மா சொல்லுதா: "நெட்டு போனதுல இருந்து வீட்டுல ஆளாளுக்கு மொகத்தைப் பாத்துப் பேசுதிய. போயித் தொலையட்டும். அந்த அருவாமணைய இப்பிடித் தள்ளு."

சிரிப்பு வந்துட்டு. வேற என்ன செய்ய?

இதை டைப் பண்ண தெருமுக்கு டீக்கடைக்கு வந்தா, சிக்னல் இருக்கு, வடை இல்ல. அதாவது வடைன்னு ஒண்ணு தட்டுல இருக்கு. பாதி எடம் ஓட்டை. போன வருசம் சுண்டுவிரல் நுழைஞ்ச ஓட்டையில இப்ப பெருவிரல் தாராளமாப் போவுது. கேட்டா, "உளுந்து வெலை தெரியுமா அண்ணாச்சி?"ங்கான். ஓட்டையிலயா வே உளுந்து போடுத?