கழுநீர் என்று சொன்னவருக்கு

இரண்டு நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். என் வீட்டில் டீ குடித்த நண்பர் ஒருவர் அதைப் படமெடுத்துக் கேலியாகப் பதிவு போட்டார். அந்தப் படத்தை எல்லோரும் பார்த்தாகிவிட்டது, சிரிக்க வேண்டியவர்கள் சிரித்தாகிவிட்டது, "விடுங்க, அவர் எப்பவும் அப்படித்தான்" என்று உள்பெட்டியில் ஆறுதலும் வந்தாகிவிட்டது. விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். நேற்று இரவு அந்தப் பதிவுக்குக் கீழே அவரே போட்ட கடைசிக் கருத்தைப் படித்த பிறகு முடியவில்லை. எதைச் சொல்கிறேன் என்று படித்தவர்களுக்குத் தெரியும். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் டீ.

"உடைஞ்ச கோப்பையில் ஐஸ் போட்ட கழுநீர்." படத்துக்கு அவர் வைத்த தலைப்பு இது. படத்தில் இருப்பது என் மேசை, என் கோப்பை, ஓட்ஸ் பாலில் நான் போட்ட ஐஸ் டீ. படம் எடுத்தவர் அதைக் குடித்தார். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. முதல் கோப்பை காலியானதும் "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டவர் அவர்தான். இரண்டாவதில் பாதி குடித்துவிட்டு "என்ன பால் இது, நல்லா இருக்கே" என்றார். ஓட்ஸ் என்றேன். கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஃபோனை எடுத்தார். எனக்குத்தான் புத்தியில்லை, அழகாக இருக்கிறது என்று படம் எடுக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

நாக்கு ஒன்று சொல்லிவிட்டது. காது கேட்ட பிறகு நாக்கு மாற்றிச் சொல்கிறது. இதில் என் டீ என்ன தப்பு செய்தது?

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், சலித்தாலும் பரவாயில்லை. செடிப்பாலில், அதாவது சோயா, தேங்காய், பாதாம், ஓட்ஸ் போன்றவற்றில் எடுக்கும் பாலில், போடும் டீ மாட்டுப்பால் டீக்கு மாற்று இல்லை. அது வேறு டீ, அதற்கு வேறு கை வேண்டும். பழகிய கையோடு போட்டுவிட்டு, கெட்டுப்போனதும் பாலைத் திட்டுகிறோம். நானும் திட்டியவன்தான்.

முதல் நாள் சோயாப்பாலை எடுத்து, கொதிக்கக் கொதிக்க இருந்த டிகாஷனில் ஊற்றினேன். இரண்டு நொடி நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் மேலே சின்னச் சின்னத் துணுக்காக ஏதோ மிதந்தது. கரண்டியை விட்டுக் கிளறினால் துணுக்கு பெருகியது, அடியில் பழுப்புத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. பால் கெட்டுவிட்டது என்று டீயோடு முழுப் பெட்டியையும் கொட்டினேன். பால் கெடவில்லை. கறுப்புத் தேநீருக்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உண்டு, பிஎச் என்ற அமில அளவுகோலில் 5-ஐ ஒட்டி. அந்த அமிலத்தோடு சூடும் சேர்ந்தால் சோயாவின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். டோஃபு என்ற சோயாக் கட்டி செய்கிறவர்கள் வேண்டுமென்றே பாலைத் திரட்டுவார்கள், நான் வேண்டாமல் திரட்டியிருந்தேன், அவ்வளவுதான். டீயையும் ஆறவைத்து, பாலையும் குளிர்வித்துக் கலந்தால் அதே சோயாப்பால் பெரும்பாலும் சாதுவாக இருக்கும். ஐஸ் டீ என்பது செடிப்பாலுக்கென்றே அமைந்த பானம் என்று நான் சொல்வது இதனால்தான். சூடு என்ற பாதிப் பகை அங்கே இல்லை.

அடுத்து தேங்காய்ப்பால். கெட்டியான முதல் பாலை ஊற்றினேன், பார்க்க ராஜபோகமாக இருந்தது. ஐஸ் போட்டதும் வெள்ளை வெள்ளையாகப் பொட்டு கட்டி உதட்டில் மெழுகு மாதிரி ஒட்டியது. தேங்காய்க் கொழுப்பு சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும், ஐஸ் கட்டிக்கு நடுவே அது வேறென்ன செய்யும்? இரண்டாம் பாலை எடுங்கள், தொல்லை குறையும். பாதாம் பாலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தண்ணியாக இருக்கும், டீதான் மேலோங்கி நிற்கும், சிலருக்கு அதுதான் பிடிக்கும்.

ஓட்ஸுக்கு வருகிறேன், "கழுநீர்" பட்டம் வாங்கியது அதுதானே. ஒரு கப் ரோல்டு ஓட்ஸ், மூன்றரை கப் ஐஸ் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. மிக்ஸியில் அரை நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கூடாது. ஊறப்போடக் கூடாது. துணியில் வடிகட்டும்போது, கை பரபரக்கும், ஆனாலும் கடைசிச் சொட்டு வரை பிழியக் கூடாது. அதிகம் அரைத்தாலும் பிழிந்தாலும் மாவுச்சத்து வெளியே வந்து பால் வழவழவென்று நூல் விடும். சூடு காட்டினால் கஞ்சிதான். என் நண்பர் குடித்தது வழவழப்பு இல்லாத பால். நான்காம் முறையிலோ ஐந்தாம் முறையிலோ கைவந்தது. முதல் முறை போட்டதை அவர் கழுநீர் என்றிருந்தால் நானே லைக் போட்டிருப்பேன்.

டிகாஷன்தான் உயிர். மாட்டுப்பாலில் இருக்கும் கேசின் என்ற புரதம் தேயிலையின் துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் எவ்வளவு கொதிக்கவிட்டாலும் அந்த டீ தாங்குகிறது. ஓட்ஸ் பாலில் கேசின் கிடையாது, மொத்தப் புரதமே சொற்பம். கொதித்த துவர்ப்பு அப்படியே நாக்கில் இறங்கும். அதனால் நான் கொதிக்கவிடுவதே இல்லை. அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் 15 கிராம் இலைத்தேயிலை போட்டு மூடி ஃப்ரிட்ஜில் இரவு முழுக்க வைப்பேன். குளிர்ந்த தண்ணீரில் துவர்ப்பு குறைவாகத்தான் இறங்கும், மணம் மட்டும் நிதானமாக வரும். தூள் வேண்டாம், கலங்கிவிடும். காலையில் வடிகட்டி, அதில் கொஞ்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைப்பேன். தண்ணீர்க் கட்டி உருகினால் டீ வெளிறும். டீக்கட்டி உருகினால் டீயாகத்தானே உருகும்! சர்க்கரையைத் தண்ணீரோடு காய்ச்சிப் பாகாக வைத்துக்கொள்ளுங்கள், குளிர்ந்த டீயில் சர்க்கரையைக் கொட்டினால் கடைசி வாயில்தான் இனிக்கும். டீ இரண்டு பங்கு, பால் ஒரு பங்கு. பாலைக் குலுக்கிவிட்டுக் கடைசியாக ஊற்ற வேண்டும்.

இவ்வளவு வேலை எதற்கு, பேசாமல் பாலை ஊற்றிக் குடித்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். குடிக்க முடிந்தவர்கள் குடியுங்கள். நான் உங்கள் கோப்பையைத் தட்டிவிட்டேனா? உலகில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குப் பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை சரியாகச் செரிப்பதில்லை. எல்லோருக்கும் தொல்லை வராது, வருகிறவர்களுக்கு வயிறு உப்பி, இரைந்து, அவசரமாக எழுந்து ஓடவேண்டி வரும். இது பணக்காரர்களின் ஃபேஷன் என்று அந்தப் பதிவில் ஒருவர் எழுதியிருந்தார். கடையில் விற்கும் ஓட்ஸ் பால் 1990களின் தொடக்கத்தில் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது, ரிக்கார்டு ஓஸ்ட்டே என்ற உணவியல் ஆய்வாளரின் வேலை. அவர் ஆராய்ந்தது ஃபேஷனை இல்லை, இந்த லாக்டோஸ் தொல்லையைத்தான்.

அடுத்த கணை: "பால் என்று சொல்லாதே. மடியிலிருந்து வருவதுதான் பால்." இதைச் சொன்னவர் தமிழில் சொல்கிறார், அதுதான் வேடிக்கை. எருக்கம்பாலை எந்த மடியில் கறந்தார்கள்? கள்ளிப்பால்? ஆலம்பால்? நெற்கதிர் பால் பிடித்திருக்கிறது என்று சொல்கிறோமே, அங்கே கன்றுக்குட்டியா நிற்கிறது? தேங்காய்ப்பால் என்று சொல்லும்போது ஒருவருக்கும் குறுகுறுக்கவில்லை, ஓட்ஸ் வந்ததும் சொல்லுக்குக் காவல் நிற்கிறார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2017 ஜூனில் சோயா போன்றவற்றைப் பால் என்று பெயரிட்டு விற்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது, உண்மைதான். அங்கேயும் தேங்காய்ப்பால் மாதிரி சில பழைய பெயர்களுக்கு விலக்கு உண்டு. அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2023-ல் வெளியிட்ட வரைவில் பால் என்றே போட்டுக்கொள்ளலாம் என்றது. அவை விற்கும் பெட்டிக்கான சட்டங்கள். என் அடுக்களையில் நான் எதைப் பால் என்று கூப்பிடுவது என்பதற்கு எந்த நீதிமன்றமும் இன்னும் சம்மன் அனுப்பவில்லை.

பெட்டிப் பாலில் ரசாயனம் என்கிறீர்களா? திரியாமல் இருக்க டைபொட்டாசியம் பாஸ்பேட் என்ற உப்பைச் சேர்ப்பார்கள், வேண்டாமென்றால் வீட்டில் அரையுங்கள், நான் அதைத்தானே சொல்கிறேன். சத்து குறைவு, கால்சியம் இல்லை? ஆமாம், வீட்டில் அரைப்பதில் இல்லைதான், குழந்தைகளுக்கு அதையே பாலாகக் கொடுத்துவிட முடியாது. சரி. நான் டீ போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது அந்தக் கடைசிக் கருத்து. "உங்க அப்பா எவ்வளவு பெரிய டீப் பிரியர்! அவர் இருந்திருந்தா இதை வாயில வச்சிருப்பாரா?" பக்கத்தில் சிரிப்புப் பொம்மை மூன்று.

வைத்தார் ஐயா. மூன்று வருடம் வைத்தார்.

ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்த மனுஷர். கடைசிக் காலத்தில் ஒரு வாய் பால் உள்ளே போனாலும் வயிறு தாங்கவில்லை. டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். கறுப்பு டீ கொடுத்தோம், ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார். அதற்குப் பிறகுதான் நான் சோயாவை வாங்கினேன். திரிந்துபோன அந்த முதல் டீயை நான் கொட்டினேன் என்று மேலே எழுதினேன் இல்லையா, முழுவதையும் கொட்டவில்லை. நான் பெட்டியைக் கொட்டிக்கொண்டிருந்தபோது, டீ வந்துவிட்டது என்று நினைத்து அவர் தன் கோப்பையை எடுத்துக் குடித்துவிட்டார். துணுக்கோடு. திரும்பிப் பார்த்தால் மீசையில் ஒட்டியதைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குச் சர்க்கரை கொஞ்சம் கம்மியா போடு" என்றார். திரிந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சூடாகத் திரிகிறதே என்று ஐஸ் போட ஆரம்பித்தது அவருக்காக. பிழியாதே என்று கற்றுக்கொண்டது அவருக்காக. அவருக்கு ஓட்ஸ் என்று தெரியும், ஒரு நாளும் பெயர் கேட்டுச் சுவை மாற்றியதில்லை. நீங்கள் என்ன குடித்தாலும் எனக்கு ஒன்றுமில்லை, என் டீ பிடிக்கவில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் அடுத்த முறை உங்களுக்கென்று தனியாகப் பால் வாங்கி வைத்திருப்பேன். என் வீட்டில் குடித்துவிட்டு ஊருக்குச் சிரிப்புக் காட்டியதைக்கூட பொறுத்துக்கொண்டேன். அப்பாவை எதற்கு இழுத்தீர்கள்?

இன்னொன்று. கைப்பிடி ஓரம் உடைந்த கோப்பை என்று கேலி செய்தீர்களே, முதலில் உங்களுக்கு நல்ல கோப்பையில்தான் கொடுத்தேன். இரண்டாவது கேட்டபோது அது கழுவாமல் கிடந்தது. அலமாரியில் பின்னால் இருந்த அவருடைய கோப்பையை எடுத்து ஊற்றினேன். அவர் போன பிறகு அதில் குடித்த முதல் ஆள் நீங்கள்.

நேற்று அதைத் தேய்த்து எடுத்து வைத்துவிட்டேன். நீங்கள் மிச்சம் வைத்திருந்த பாதி டீயில் அன்றைக்கு ஐஸ்கூட முழுதாக உருகியிருக்கவில்லை.

ராத்திரி போட்டுவைத்த தேயிலை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வடிகட்டப் போகிறேன். யாருக்காவது ஓட்ஸ் அளவில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், சாயங்காலம் வந்து பதில் சொல்கிறேன்.