கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்

ஆஸ்திரேலியாவில் ஒரு புது நாவல் 33, 35 டாலர். அதே நூல் கடல் தாண்டி வீட்டு வாசலுக்கே பல நேரம் குறைந்த விலையில் வந்துவிடுகிறது. கோபம் நியாயம்தான். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் கடைக்காரர் அல்ல.

35 டாலரில் 3 டாலர் 18 சென்ட் ஜிஎஸ்டி. கடைக்குக் கிடைப்பது விலையில் சுமார் 40 சதவீதம். வாடகை, சம்பளம் எல்லாம் அதற்குள்தான். வெளிநாட்டிலிருந்து வரும் 1000 டாலர் வரையிலான பார்சலுக்கு ஜிஎஸ்டி இல்லாமல் இருந்த அநியாயம் 2018 ஜூலையில் தீர்ந்தது. தபால் செலவே வாங்காத பிரிட்டிஷ் இணையப் புத்தகக் கடையான புக் டெபாசிட்டரியும் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது.

பெரிய முட்டுக்கட்டை இன்னும் அப்படியே இருக்கிறது. 1991 பதிப்புரிமைத் திருத்தத்தின்படி, வெளிநாட்டில் வெளியான 30 நாளுக்குள் ஒரு நூல் இங்கும் வெளியாகிவிட்டால், அதன் மலிவான வெளிநாட்டுப் பதிப்பைக் கடைக்காரர் வரவழைத்து அடுக்க முடியாது. ஆர்டர் கொடுத்து 7 நாளாகியும், 90 நாளுக்குள் தருவதாக இங்குள்ள பதிப்பாளர் எழுதித் தராவிட்டாலோ, 90 நாளாகியும் நூலைக் கொடுக்காவிட்டாலோதான் வழி திறக்கும். சொந்த வாசிப்புக்கு நாம் வரவழைத்துக்கொள்ள மட்டும் தடையே இல்லை! போட்டி போடச் சொல்லிவிட்டுக் கடைக்காரரின் கையை மட்டும் கட்டிப்போடுவது என்ன நியாயம்?

நியூசிலாந்து இந்தத் தடையை 1998-லேயே நீக்கியது. அரசுக்குப் பொருளாதார ஆலோசனை சொல்லும் ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையம் 2009-லும் 2016-லும் நீக்கச் சொல்லியும் நடக்கவில்லை. உள்ளூர் எழுத்தாளர்களின் பயத்தை நான் மதிக்கிறேன். ஏற்றுமதிப் பிரதிகளுக்கு ராயல்டி குறைவு. விற்காமல் கழித்துக்கட்டிய பிரதிகள் இங்கே வந்து குவிந்தால் அவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தேறாது. அவர்களுடைய நூல்களுக்குப் பாதுகாப்பு இருக்கட்டும். அமெரிக்க மருத்துவப் பாடநூலுக்கு எதற்கு?

விலையை ஒப்பிடும்போது எந்தப் பதிப்பு என்று காட்டும், பின்னட்டையில் உள்ள 13 இலக்க ஐஎஸ்பிஎன் எண்ணைப் பாருங்கள். இங்கே புது நாவல் பெரும்பாலும் பெரிய அளவு பேப்பர்பேக்காக வருகிறது. மலிவாகத் தெரிவது பொடி எழுத்துச் சிறிய பதிப்பாக இருக்கலாம். கார்டின் அந்நியச் செலாவணிக் கட்டணம் பல வங்கிகளில் 3 சதவீதம் வரை. அட்டை நசுங்கி வந்தால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முன்பே படித்துவிடுங்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 44ஏ. வணிகத்துக்கு அல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டு ஆர்டர் கொடுத்தால், உங்களுக்காக ஒரு பிரதியை வெளிநாட்டிலிருந்து கடைக்காரரே சட்டப்படி வரவழைக்கலாம். ஒற்றைப் பிரதிக்குத் தபால் செலவு அதிகம் என்பதால் 25 டாலர் நாவலுக்கு இது கட்டுப்படியாகாது. 150, 200 டாலர் தொழில்நுட்ப நூல் என்றால், இணையத்தில் ஆர்டர் போடுவதற்கு முன் கடையில் ஒரு வார்த்தை கேளுங்கள்.