கோபுரம் விழுந்தது யாருடைய பாவத்தால்?

மகனை விபத்தில் பறிகொடுத்த ஒரு தாயின் வீட்டில் ஜெபக்கூட்டம். ஆறுதல் சொல்ல வந்த ஒருவர் எழுந்து, "வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள். காரணமில்லாமல் கர்த்தர் அடிக்க மாட்டார்" என்றார். அதுவரை அழுதுகொண்டிருந்த அந்த அக்காவுக்கு அழுகையே நின்றுபோனது. மடியில் இருந்த வேதாகமத்தின் அடையாள நாடாவை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக, கடைசி ஆமென் வரை தலை நிமிரவே இல்லை.

நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசுவே கேட்கிறார். பதிலையும் அவரே சொல்லிவிடுகிறார்: "அப்படியல்லவென்று உங்களுக்குச் சொல்லுகிறேன்." பிறவிக் குருடனைப் பார்த்து "யார் செய்த பாவம், இவனா, இவனைப் பெற்றவர்களா?" என்று சீஷர்கள் கேட்டபோதும் இதே பதில்தான். இருவருமே இல்லை. இவ்வளவு தெளிவாக அவர் மூடிய கதவை நாம் எந்தத் தைரியத்தில் திறக்கிறோம்?

பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் 7 நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அது நல்ல ஆறுதல். அப்புறம், உன் பாவம்தான் இதற்குக் காரணம் என்று பேச ஆரம்பித்தார்கள். கடைசியில் கர்த்தருக்குக் கோபம் மூண்டது யோபுவின் மேல் அல்ல, அந்த நண்பர்கள் மேல்.

சரி, அப்படியென்றால் நியாயத்தீர்ப்பே கிடையாதா? உண்டு. அன்பான தேவன் யாரையும் கணக்குக் கேட்க மாட்டார் என்று சொல்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. நிலத்தைப் பறிகொடுத்தவனிடமும், அநியாயமாகச் சிறையில் கிடப்பவனிடமும் போய் அதைச் சொல்ல முடியுமா? 96-ஆம் சங்கீதத்தில் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்று காட்டு மரங்கள் கெம்பீரிக்கின்றன. ஒடுக்கப்பட்டவனுக்கு நியாயத்தீர்ப்பு நற்செய்தி. அந்தத் தீர்ப்பின் பாரத்தைச் சிலுவையில் தேவன் தாமே சுமந்தார் என்பதுதான் நம் விசுவாசம். பாவத்தை ஒன்றுமில்லை என்று தள்ளிவிட்டிருந்தால் சிலுவைக்கே அவசியம் இருந்திருக்காது.

கோபுரத்தைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில், "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்" என்று கேட்டவர்கள் பக்கம் திரும்பினார் இயேசு. செத்தவர்களின் பாவத்தை ஆராய வந்தவர்களிடம் அவரவர் கணக்கைக் கேட்டார். நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசும் உரிமை எனக்கு இருக்கிறதென்றால், அது என்னைப் பற்றி மட்டும்தான்.

உடனே அத்திமரத்தின் உவமை வருகிறது. 3 வருஷமாகக் கனியில்லை. வெட்டிப்போடு, நிலத்தை ஏன் கெடுக்கிறது என்கிறார் எஜமான். தோட்டக்காரனோ, "ஐயா, இது இந்த வருஷமும் இருக்கட்டும்; நான் இதைச் சுற்றிலும் கொத்தி, எருப்போடுவேன்" என்று கெஞ்சுகிறான். கிருபையைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த ஒரு வரி போல எதுவும் என்னைத் தொட்டதில்லை. சும்மா விட்டுவிடுங்கள் என்று அவன் சொல்லவில்லை. மண்ணில் முழங்காலிட்டு, கை அழுக்காக, வேரைச் சுற்றிக் கொத்துகிறேன் என்கிறான். கொடாவிட்டால் வெட்டலாம் என்பதையும் மறைக்கவில்லை. மரம் கனி கொடுத்ததா என்று இயேசு சொல்லாமலே உவமையை முடித்துவிடுகிறார். எனக்குக் கொடுக்கப்பட்ட இந்த வருஷம் இன்னும் முடியவில்லை என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இந்த வாரம் அந்த அக்காவைப் பார்க்கப் போகிறேன். முதலில் கொஞ்ச நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் கேட்டால் மட்டும், "அப்படியல்ல" என்று இயேசு சொன்ன அந்த வசனத்தை அவருடைய வேதாகமத்திலேயே எடுத்துக் காட்டி, அந்த நாடாவை அங்கே வைத்துவிட்டு வர வேண்டும்.