பிராடாக் திருப்பிக் கொடுத்த பணமும் வாங்கிய பணமும்

குத்துச்சண்டை வீரர் ஜேம்ஸ் பிராடாக்கைப் பற்றி யார் எழுதினாலும் ஒரு விஷயத்தை விடாமல் எழுதிவிடுகிறார்கள். 1930களில் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து வேலையில்லாமல் போன பெருமந்தக் காலத்தில் அரசிடம் வாங்கிய நிவாரணப் பணத்தை, மறுபடி சம்பாதிக்க ஆரம்பித்ததும் திருப்பிக் கட்டிவிட்டார் என்று. உண்மைதான், கட்டினார். ஆனால் அதைப் பகிர்கிறவர்கள் கூடவே 'மானமுள்ள மனுசன்' என்று ஒரு வரி சேர்க்கிறார்கள். அப்படியென்றால் திருப்பிக் கட்ட வழியில்லாமல் போன லட்சக்கணக்கான பேருக்கு மானம் இல்லையா? அவர் கதையைச் சொல்லும் 'சிண்ட்ரெல்லா மேன்' படத்தை மறுபடி பார்த்ததிலிருந்து இதுதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

2005இல் ரான் ஹோவர்ட் இயக்கிய படம். பிராடாக்காக ரஸ்ஸல் குரோ, மனைவி மேயாக ரெனே ஸெல்வெகர், மேனேஜர் ஜோ கூல்டாக பால் ஜியமாட்டி.

நிஜக் கதை இதுதான். 1929 ஜூலையில் பிராடாக் லைட் ஹெவிவெயிட் என்ற எடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்காக டாமி லாஃப்ரனுடன் 15 சுற்று ஆடித் தோற்கிறார். மூன்றே மாதத்தில் அமெரிக்கப் பங்குச்சந்தை விழுகிறது. சேமிப்பு போகிறது. வலது கை திரும்பத் திரும்ப உடைகிறது. தோல்வி மேல் தோல்வி. 1933இல் அமெரிக்காவில் உழைக்கத் தயாராக இருந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்தக் கூட்டத்தில் ஒருவராக அவர் நியூ ஜெர்சி துறைமுகத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறார்.

படம் எனக்குப் பிடித்தது இந்த இடத்தில்தான். விடிகாலையில் துறைமுக கேட்டுக்கு வெளியே ஆட்கள் குவிந்து நிற்பார்கள். மேஸ்திரி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு விரலை நீட்டி நீட்டி ஆள் எடுப்பார். எண்ணிக்கை முடிந்ததும் கேட் மூடிவிடும். மீதிப் பேர் சத்தமில்லாமல் கலைந்து போவார்கள். பிராடாக்கின் கையிலோ மாவுக்கட்டு. அது தெரிந்தால் வேலை கிடைக்காது என்று ஷூ பாலிஷைத் தடவிக் கறுப்பாக்கிக்கொண்டு போய் நிற்பார். வலது கையை ஊன்ற முடியாததால் பாரமெல்லாம் இடது கைக்கு வரும். பின்னாளில் ரிங்கில் எதிராளிகளைத் திணறடித்தது அந்த இடது கைதான்.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். மே பால் பாட்டிலில் தண்ணீர் கலப்பாள். சின்ன மகள் இன்னும் கொஞ்சம் இறைச்சி கேட்பாள், வீட்டில் இருக்காது. பிராடாக் தன் தட்டில் இருந்த துண்டைக் கொடுத்துவிட்டு, ராத்திரி கனவில் பெரிய ஓட்டலில் விருந்து சாப்பிட்டேன், வயிறு நிறைந்து கிடக்கிறது என்பார். அந்தப் பொய்யை ரஸ்ஸல் குரோ சொல்கிற விதத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம்.

மூத்த மகன் கடையில் இறைச்சி திருடிவிடுவான். ஏன்? வறுமையால் தன் நண்பனைச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தன்னையும் அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். உங்களை ஒருநாளும் அனுப்ப மாட்டேன் என்று அப்பா வாக்குக் கொடுப்பார். அப்புறம் குளிர்காலத்தில் கரண்ட்டைத் துண்டித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு உடம்புக்கு ஆகாது என்று மே அவர்களை உறவினர் வீட்டில் கொண்டுபோய் விடுகிறாள். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் பிராடாக் நிவாரண அலுவலக வரிசையில் போய் நிற்கிறார். அது பற்றவில்லை என்றதும் குத்துச்சண்டைகள் நடக்கும் நியூயார்க் அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனுக்குப் போய், ஒரு காலத்தில் தன்னை வைத்துச் சம்பாதித்தவர்கள் முன்னால் தொப்பியைக் கழற்றி நீட்டுகிறார். பிள்ளைகள் வீடு திரும்புகிறார்கள்.

என்னைக் கேட்டால் படத்தின் ஆகப் பெரிய சண்டை இதுதான். பட்டம் ஜெயித்தது இதற்கு அப்புறம்தான். நிவாரணம் என்ற ஒன்று இல்லாத ஊரில் இந்த மனிதனின் மன உறுதி மட்டும் என்ன செய்திருக்கும்? அரசு உதவி வாங்குகிறவனைச் சோம்பேறி என்று பேசுகிறவர்கள் பிராடாக்கை மேற்கோள் காட்டும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவரும் அந்த வரிசையில் நின்றவர். கூட நின்ற யாரும் அவரைவிட மட்டமானவர்கள் கிடையாது.

தனி ஆளாக அவர் எழுந்து வரவும் இல்லை. படத்தில் ஒருநாள் கூல்டின் வீட்டுக்கு மே சண்டை போடப் போவாள். பணக்காரப் பகுதியில் பெரிய வீடு. கதவு திறந்தால் உள்ளே சாமான் எதுவும் இருக்காது. பிராடாக்கின் பயிற்சிச் செலவுக்காக எல்லாவற்றையும் விற்றிருப்பார். ஜியமாட்டிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது நியாயமே.

1934 ஜூன் 14 அன்று கார்ன் கிரிஃபினுடன் மோத அழைப்பு வந்ததும் கடைசி நேரத்தில்தான். பயிற்சி எடுக்க நேரமே கிடையாது. இரண்டாம் சுற்றில் விழுந்து எழுந்து, மூன்றாம் சுற்றில் கிரிஃபினைச் சாய்த்தார். அப்புறம் ஜான் ஹென்றி லூயிஸ், ஆர்ட் லாஸ்கி. ஒரே வருடத்தில், 1935 ஜூன் 13 அன்று, உலக ஹெவிவெயிட் சாம்பியன் மேக்ஸ் பேயரை 15 சுற்று ஆடிப் புள்ளிகளில் வென்றார். பந்தயக்காரர்கள் பத்துக்கு ஒன்று என்று பேயர் பக்கம் நின்ற சண்டை அது.

இந்தப் பேயர் விஷயத்தில்தான் படத்தின் மேல் எனக்குத் தீராத வருத்தம். படத்தில் அவர் ரிங்கில் எதிராளிகளைக் கொன்றதை ரசிக்கிற, அடுத்தவன் மனைவியிடம் கேவலமாகப் பேசுகிற ஆள். நிஜத்தில், 1930இல் தன்னோடு மோதிய ஃபிராங்கி கேம்பெல் இறந்தது அவரை வெகுகாலம் வாட்டியது என்று பேயரின் மகன் சொல்லியிருக்கிறார். கேம்பெல் குடும்பத்துக்குப் பண உதவியும் செய்தார். அவர் கணக்கில் படம் சேர்க்கும் இன்னொருவரான எர்னி ஷாஃப் இறந்தது, பேயரோடு ஆடிப் பல மாதம் கழித்து, பிரிமோ கார்னெராவுடன் மோதிய பிறகு. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், ஜெர்மானியர் மேக்ஸ் ஷ்மெலிங்குக்கு எதிராக யூத நட்சத்திரம் பொறித்த கால்சட்டையோடு இறங்கி ஜெயித்தவரும் இதே பேயர்.

இவரை வில்லனாக்க அவசியமே இல்லை. பசியும் குளிரும் பூட்டிய கேட்டும் முதல் ஒரு மணி நேரம் அந்த வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தன. பேயர் 1959லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல மகன்தான் மிச்சம். படம் பார்க்கிறவர்கள் அந்தக் கடைசிச் சண்டைக்குக் கைதட்டுங்கள், நானும் தட்டினேன். கையோடு மேக்ஸ் பேயரைப் பற்றியும் கொஞ்சம் தேடிப் படித்துவிடுங்கள்.