டயல்-அப் காலத்து அன்லிமிடெட் இணைப்பு: பார்க்க வேண்டியிருந்தது வேகத்தை அல்ல, லைனை

டயல்-அப், அதாவது மோடம் என்ற கருவி தொலைபேசி லைனில் ஒரு எண்ணுக்கு டயல் செய்து நம் கணினியை இணையத்தில் சேர்த்த பழைய முறை, அதைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் வேகத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு படம் திரையில் முழுசாக வர எவ்வளவு நேரம் ஆனது, மோடம் என்ன சத்தம் போட்டது, இந்த இரண்டையும் சொல்லிவிட்டுப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு அமெரிக்க இணைய நிறுவனமான ஏஓஎல் தன் டயல்-அப் சேவையை நிறுத்தியபோதும் நான் பார்த்த பதிவுகள் எல்லாம் இதே மாதிரிதான் இருந்தன. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வேகம் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். எவரிடம் சந்தா கட்டினாலும் வீட்டுக்கு வருவது அதே தொலைபேசிக் கம்பிதான், மேசைமேல் இருப்பதும் அதே மோடம்தான். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறியது வேறு விஷயம். நாம் டயல் செய்தால் அந்தப் பக்கம் எடுக்கிறார்களா? எடுத்தால், வேலை முடியும்வரை லைன் நிற்கிறதா? நல்ல நிறுவனத்தையும் மோசமான நிறுவனத்தையும் பிரித்துக் காட்டியவை இந்த இரண்டு கேள்விகள்தான்.

மாதத்துக்கு ஒரே கட்டணம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்ற அன்லிமிடெட் திட்டம் வந்த பிறகு இந்தக் கேள்விகள் இன்னும் முக்கியமாகிவிட்டன. ஏன் என்று புரிய வேண்டுமானால், அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். இணைய நிறுவனத்தின் அலுவலகத்தில் வரிசையாக மோடங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொலைபேசி லைன். நாம் கூப்பிடும் எண் ஒன்றுதான், ஆனால் அழைப்பு எந்த லைன் காலியாக இருக்கிறதோ அதற்குப் போகும். நாம் உள்ளே இருக்கும்வரை அந்த மோடமும் அந்த லைனும் நமக்கு மட்டும்தான். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் வேறு ஒருவர் அதைத் தொட முடியாது. இன்றைய பிராட்பேண்டில் கூட்டம் அதிகமானால் எல்லோருக்கும் கொஞ்சம் மந்தமாகும். டயல்-அப்பில் அப்படி இல்லை. லைன் தீர்ந்துபோனால் அடுத்து வருபவருக்கு எதுவுமே கிடையாது, பிஸி டோன்தான்.

மணிக்கணக்குக்குக் காசு வாங்கிய காலத்தில் பத்து சந்தாதாரருக்கு ஒரு மோடம் இருந்தால் போதும் என்பது துறையில் பரவலாகப் புழங்கிய கணக்கு. ஆட்கள் உள்ளே வருவார்கள், மெயிலை இறக்குவார்கள், மீட்டர் ஓடுகிறதே என்று உடனே வெளியேறுவார்கள். மாதத்துக்கு ஒரே கட்டணம் என்று ஆனதும் வெளியேற வேண்டிய காரணமே போய்விட்டது. அதற்கு மேல் இன்னொன்றும் நடந்தது. லைன் கிடைப்பது கஷ்டம் என்று தெரிந்ததும், கிடைத்த லைனை யாரும் விடவில்லை. சாப்பிடப் போனாலும் கனெக்ஷனை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள், திரும்பி வந்தால் லைன் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற பயம். அந்தப் பயமே தட்டுப்பாட்டை இன்னும் மோசமாக்கியது. இதற்கு வாடிக்கையாளரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. லைனைக் கூட்டாமல் ஆளைச் சேர்த்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இதற்குப் பெரிய சாட்சி ஏஓஎல்தான். 1996 டிசம்பரில் அமெரிக்காவில் மாதம் 19.95 டாலருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று கொண்டுவந்தார்கள். அதற்கு முன் 9.95 டாலருக்கு ஐந்து மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு மணிக்கும் தனிக் கட்டணம். ஒரே மாதத்தில் நிலைமை தலைகீழானது. மாலையில் டயல் செய்தவர்களுக்கு மணிக்கணக்கில் பிஸி டோன். வழக்குகள் வந்தன. 1997 ஜனவரி முடிவதற்குள் பல மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்களுடன் (அரசுத் தலைமை வழக்கறிஞர்களுடன்) உடன்பாடு செய்துகொண்டு, லைன் கிடைக்காமல் தவித்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் விளம்பரத்தைக் குறைத்துக்கொள்ளவும் ஒப்புக்கொண்டார்கள். இவ்வளவு பணமும் ஆட்களும் இருந்த நிறுவனத்துக்கே இந்தக் கதி. பெரிய பெயர் என்றால் நம்பலாம் என்ற எண்ணம் எனக்குப் போனது அப்போதுதான்.

சரி, வீட்டில் இருந்தபடி ஒரு நிறுவனத்தை எப்படி எடை போடுவது? விளம்பரத்தில் யாரும் மோடம் எண்ணிக்கையைப் போட மாட்டார்கள். ஆனால் கணினியே சொல்லிவிடும். விண்டோஸில் டயல்-அப் தோற்றுப்போனால் ஒரு பிழை எண் வரும். பலர் அதைப் படிக்காமலே மூடிவிட்டு மறுபடி டயல் செய்வார்கள். நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். 676 வந்தால் லைன் பிஸி, அதாவது அவர்களிடம் லைன் போதவில்லை. 678 என்றால் எதிர்ப்பக்கம் எடுக்கவில்லை. ஒரு மோடம் செத்துக் கிடந்து, அதைக் கவனித்து ரீசெட் செய்ய ஆள் இல்லை என்பது பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும். காலையில் வேலை செய்த அதே கடவுச்சொல்லுக்கு இரவில் 691 வந்தால், உள்ளே விடுவதற்குச் சரிபார்க்கும் அவர்களுடைய சர்வர் திணறுகிறது என்று சந்தேகப்படலாம். 680 மட்டும்தான் நம் வீட்டுச் சமாசாரம், நம் லைனில் டயல் டோனே இல்லை என்று அர்த்தம்.

முதலில் நான் சந்தா கட்டிய நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டபோது இந்த நோட்டுதான் கைகொடுத்தது. பெயர் வேண்டாம். எத்தனை தடவை கூப்பிட்டாலும் ஒரே பதில்: உங்கள் மோடம் டிரைவரை (மோடத்தை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். இரவு எட்டு மணி முதல் பதினொன்று வரை மட்டும் 676, விடியற்காலையில் முதல் டயலிலேயே கனெக்ட். டிரைவர் பிரச்சினை கடிகாரம் பார்த்தா வரும்? இதைக் கேட்டதும் அந்தப் பக்கம் மௌனம். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கையில் கொடுத்த தாளைத்தான் அவன் படித்தான். காசு வாங்கிக்கொண்டு அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவர்கள்மேல் இன்றும் கோபம் இருக்கிறது.

அடுத்து மாறியது ஒரு சின்ன நிறுவனத்துக்கு. சேருவதற்கு முன் ஒரு சோதனை செய்தேன், இதைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் சொல்லியும் இருக்கிறேன். அவர்களுடைய டயல்-அப் எண்ணைச் சாதாரணத் தொலைபேசியிலிருந்து இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட வேண்டும். காதில் கீச்சென்று அந்த மோடம் சத்தம் கேட்டால் ஒரு லைனாவது காலி. பிஸி டோன் கேட்டால் சேர வேண்டாம். வார நாளிலும் செய்ய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இரவும் செய்ய வேண்டும். சந்தா கட்டாமலேயே பார்த்துவிடலாம். அப்புறம் அலுவலக எண்ணுக்குப் பேசினேன். பேசியவர் அந்த மோடம் ரேக்கைப் பார்த்துக்கொள்பவரே. எட்டிலிருந்து பத்துவரை சில நாள் நிரம்பிவிடுகிறது, புது லைன் கேட்டிருக்கிறோம், அது வரும்வரை ஒரு வருடச் சந்தா கட்டாதீர்கள், மாதா மாதம் கட்டுங்கள் என்றார். இப்படிப் பேசுபவரிடம் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்துச் சேரலாம் என்பது என் கருத்து. சேர்ந்தேன்.

லைன் கிடைப்பது பாதி. நிற்பது மீதி. வெளியே வைக்கும் மோடத்தில் சின்னச் சிவப்பு விளக்குகள் வரிசையாக இருக்கும். அதில் சிடி என்று எழுதிய விளக்கு எரிந்தால் இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். கோப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது கண் அந்த விளக்கிலேயே இருக்கும். ஐந்து எம்பி கோப்புக்கு நல்ல லைனிலேயே கால் மணி நேரம் ஆகும். முப்பது எம்பி என்றால் ஒன்றரை மணி. முக்கால்வாசி வந்த பிறகு அந்த விளக்கு பட்டென்று அணையும். விட்ட இடத்திலிருந்து தொடரும் டவுன்லோட் மேனேஜரும், அதற்கு இடம் கொடுக்கும் சர்வரும் இல்லையென்றால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான். ஐம்பது கேபிபிஎஸ் (நொடிக்கு ஐம்பது கிலோபிட்) வேகத்தில் கனெக்ட் ஆகி அரை மணிக்கொரு தரம் அறுந்துபோவதைவிட, நாற்பதில் கனெக்ட் ஆகி மூன்று மணி நேரம் அசையாமல் நிற்பது எவ்வளவோ மேல்.

அறுந்துபோவதற்கு நம் வீட்டுக் காரணங்களும் உண்டு. பழைய வயரிங், ஒரே லைனில் இன்னொரு அறையில் யாராவது ரிசீவரை எடுப்பது, கால் வெயிட்டிங் பீப். இவற்றை முதலில் சரிசெய்துவிட்டுத்தான் நிறுவனத்தைக் கேட்க வேண்டும். அதன் பிறகும் சரியாகக் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை துண்டித்தால் அது தற்செயல் இல்லை, அவர்களே வைத்த விதி. பல நிறுவனங்கள் சில நிமிடம் எதுவும் செய்யாமல் இருந்தால் வெட்டிவிடும். சில, சும்மா இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில மணி நேரத்துக்கொரு தரம் வெட்டும். இந்த விதி தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தூங்கப் போனவர் பிடித்து வைத்திருக்கும் லைன் காத்திருக்கும் ஒருவருக்குப் போவது நியாயம்தான். ஆனால் அதைச் சேரும்போதே சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில் அன்லிமிடெட் என்று போட்டுவிட்டு, அதிகம் பயன்படுத்தியவரை ஒரு கடிதத்தில் வெளியேற்றுவது வேறு. மாதம் இத்தனை மணி நேரம் என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்த நேரம் முழுக்கத் தடையில்லாமல் லைன் கொடுத்த நிறுவனத்தை நான் இதைவிட மேலாக வைப்பேன்.

வேகத்திலும் நிறுவனம் குறுக்கிட்ட ஓர் இடம் உண்டு, அதனால் 56கே, அதாவது 56 கேபிபிஎஸ் மோடம் பற்றியும் ஒரு வார்த்தை. 1997-இல் மோடம் செய்பவர்களிடையே, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு முகாம்கள் இருந்தன. யு.எஸ். ரோபாட்டிக்ஸின் எக்ஸ்2 ஒரு பக்கம், ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃப்ளெக்ஸ் இன்னொரு பக்கம். நம் மோடம் ஒரு முகாம், நிறுவனத்தின் மோடம் இன்னொரு முகாம் என்றால் வேகம் பழைய 33.6-க்கே இறங்கிவிடும். 1998-இல் வி.90 என்ற பொதுத் தரம் வந்துதான் இது தீர்ந்தது. ஆனால் இணைய நிறுவனத்துக்கு வரும் லைன் டிஜிட்டலாக இல்லையென்றால் எந்த 56கே மோடம் வாங்கியும் பயன் இல்லை. புது மோடம் வாங்குவதற்கு முன் இதைக் கேட்கச் சொல்லி எத்தனையோ பேரிடம் மன்றாடியிருக்கிறேன்.

தொலைபேசிக் கட்டணம் தனிக்கதை. சந்தா அன்லிமிடெட் ஆனாலும், உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் கணக்கில் காசு வாங்கும் நாடுகளில் பில் ஏறிக்கொண்டேதான் இருக்கும். அந்தக் கட்டணமும் இல்லை என்று சொல்லி வந்த அறிவிப்புகளை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. பிரிட்டனில் ஆல்டாவிஸ்டா என்ற தேடுபொறி நிறுவனம் 2000 மார்ச்சில் அப்படி ஒரு திட்டத்தை அறிவித்தது. மக்கள் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஆகஸ்டில்தான் தெரிந்தது, ஒருவருக்குக்கூட இணைப்பு தரப்படவில்லை. இலவசம் என்று வந்தவற்றையும் நான் நம்பவில்லை. 1998-இல் தொடங்கிய நெட்ஸீரோ என்ற அமெரிக்க நிறுவனம் இணைப்பை விளம்பரத்தை வைத்தே இலவசமாகக் கொடுத்தது, சில வருடங்களில் அந்த இலவசத்துக்கு மாத வரம்பு வந்துவிட்டது.

கடைசியாக, மோசமான நிறுவனத்தை விட்டுப் போக முடியாமல் பலரைக் கட்டிப்போட்டது மின்னஞ்சல் முகவரி. நிறுவனம் கொடுத்த முகவரியை உறவினர், வேலை, வங்கி என்று எல்லோருக்கும் கொடுத்துவிட்டால், சந்தாவை நிறுத்தும் நாளில் அதுவும் போய்விடும். அதற்குப் பயந்தே பிஸி டோனைச் சகித்துக்கொண்டு வருடக்கணக்கில் காசு கட்டியவர்களை எனக்குத் தெரியும். 1996-லேயே இலவச மின்னஞ்சல் தரும் ஹாட்மெயில் வந்துவிட்டது. எந்த நிறுவனத்தையும் சாராத ஒரு முகவரியை முதலில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் அதைச் சொல்லி, புது இடத்தில் இரவு ஒன்பது மணிக்கு ஒழுங்காக லைன் கிடைக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்த பிறகுதான் நான் பழைய சந்தாவை நிறுத்தினேன். இரண்டு பக்கமும் காசு கட்டிய அந்த ஒரு மாதத்தை நான் வீண் செலவாக நினைக்கவே இல்லை.