ஒத்தக் கோட்டுக்கு டி-கானா?

டிவி திரையில ஒரே ஒரு கோடு. மேலிருந்து கீழ வரைக்கும், நூல் மாதிரி, பச்சையா. உடனே "டி-கான் போர்டு போச்சு, மாத்துங்க"ன்னு சில மெக்கானிக்குங்க சொல்றாங்களே, எப்படிங்க மனசு வருது? (டி-கான்னா, திரையில எந்தப் புள்ளி எப்போ எரியணும்னு பேனலுக்குச் சொல்ற சர்க்யூட் போர்டு.) முதல்ல ரிமோட்ல மெனுவைத் திறந்து பாத்தீங்களா? மெனு மேலயும் கோடு ஓடுச்சுன்னா கோளாறு டிவிக்குள்ள. மெனு சுத்தமா இருந்தா ஹெச்டிஎம்ஐ கேபிளைப் பாருங்க. அரை நிமிஷ வேலை! அதைக்கூட செய்யாம ஸ்க்ரூவைக் கழட்டுறாங்க.

பாதித் திரை இருண்டா டி-கானையும் ரிப்பன் கேபிளையும் சந்தேகப்படலாம், சரி. ஆனா ஒத்தக் கோடு பெரும்பாலும் கண்ணாடி ஓரத்துல ஒட்டியிருக்கிற சிஓஎஃப் (சிப் பதிச்ச மெல்லிய) ஃபிலிம் விட்டுப்போனதுதான். அந்த ஓரத்தை லேசா அழுத்தினா சில நேரம் கோடு மினுங்கி மறையும். அங்க போய் சால்டரிங் அயர்னை வெச்சுத் தேய்க்கலாமா? அந்த ஒட்டு ஈயத்துல பத்த வெச்சது இல்லைங்க, மின்சாரம் கடத்துற பசை. சூடும் அழுத்தமும் ஒரே சீரா குடுக்குற பாண்டிங் மெஷின் வேணும். அயர்ன் பட்டா ஃபிலிம் சுருங்கும். ஒரு கோடு இருந்த இடத்துல இருபது கோடு!

அப்புறம் அந்தத் திரை துடைக்கிற ஸ்ப்ரே. திரையில நேரா அடிக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வழிஞ்சு கீழ் ஓரத்துக்குள்ள இறங்கி அதே ஃபிலிமைத்தான் அரிக்குது. துணியில நனைச்சுத் துடைக்க என்னதான் கஷ்டம்?